ஒற்றையாள் மெஷின்

அத்தியாயம் 9

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் நாலாம் நம்பர் வெட்டு மெஷின், தம்பியின் வலது கையிலிருந்து மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது.

இரண்டு பேர் நிற்க வேண்டிய மெஷின் அது. இரும்பு வாய் திறக்கும்போது ஒருவர் அட்டையை உள்ளே வைக்க வேண்டும். வாய் மூடித் திறந்ததும் வெட்டிய அட்டையை இன்னொருவர் உருவ வேண்டும். உருவுகிறவருடைய ஒரு கை எப்போதும் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அன்றைக்கு அந்தப் பொத்தான் பக்கம் ஈ, காக்கை இல்லை. தம்பி ஒருவனே வைத்தான், ஒருவனே உருவினான், ஒருவனே கத்தினான்.

அது நடந்து எட்டு நாள் ஆகிறது. இன்றைக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு.

அக்கா காலை ஏழு மணிக்கே தயாராகிவிட்டாள். தம்பிக்கு மட்டும் அக்கா இல்லை அவள். தொழிற்சாலையில் இருநூற்று எண்பது பேருக்கும் அக்காதான். ஒட்டுப் பிரிவில் பதினாறு வருஷம் பசை பூசியவள். ‘கோந்தக்கா’ என்று பெயர். பசை வேலைக்காக வந்தது பாதிப் பெயர்; பிடித்த விஷயத்தை விடமாட்டாள் என்பதற்காக வந்தது மீதிப் பெயர். நாலு வருஷமாகச் சங்கத்தின் செயலாளர்.

அவள் கணவர் அதே தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சங்கத்தில் துணைச் செயலாளர். “வீட்லயும் துணை, சங்கத்துலயும் துணை” என்று ஆட்கள் கிண்டல் பண்ணிப் பண்ணி, கடைசியில் ‘துணை’ என்பதே அவர் பெயராகிவிட்டது.

துணை வாசற்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினார். பிறகு கழற்றினார்.

“நான் வரல.”

“ஏன்?”

“வயிறு சரியில்ல.”

“எட்டு நாளா நீங்க ஒழுங்கா சாப்பிடவே இல்ல. காலி வயித்துல என்ன சரியில்லாம போகும்? மாட்டுங்க செருப்பை.”

“தலைவர் வராரு. நீ இருக்க. நான் எதுக்கு கூட்டத்துக்கு?”

“கம்பெனி பக்கம் நாலு பேர் உக்காந்திருப்பாங்க. நம்ம பக்கம் நாற்காலி காலியா கிடந்தா நல்லாவா இருக்கும்?”

அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா குரலைத் தணித்தாள். விபத்து நடந்த அன்று தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் ஓடியவர் இவர்தான். அந்தச் சட்டையை மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்தும் கறை போகவில்லை. மனுஷன் அதிலேயே இடிந்து போய்விட்டார் என்று அவள் நினைத்தாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

“அவனுக்காக வாங்க,” என்றாள்.

துணை செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

* * *

தொழிலாளர் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. நீளமான மேஜை. மேஜையின் ஒரு ஓரத்தில் நாடா கட்டிய கோப்புகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. எல்லாம் எந்தக் காலத்துச் சண்டைகளோ. சமரச அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஐம்பது வயசுப் பெண்மணி. நல்ல ஜலதோஷம் வேறு. பேசுவதற்கு முன் ஒரு தடவை, பேசி முடித்ததும் ஒரு தடவை கைக்குட்டையைத் தேடினார்.

எதிர்ப்பக்கம் பர்சனல் மேனேஜரும் கம்பெனியின் மூன்று பேரும். இந்தப் பக்கம் அக்கா, துணை, சங்கத் தலைவர். தலைவர் இருபத்தெட்டு வருஷம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்த ஃபிட்டர். காது பாதி போய்விட்டது. அதனால் ரகசியம் பேசினால்கூடப் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

“என்ன பிரச்சனைன்னு ரெண்டு வரில சொல்லுங்க,” என்றார் அதிகாரி.

அக்கா ஒப்பந்தப் புத்தகத்தைத் திறந்தாள். போன வருஷம் நிர்வாகமும் சங்கமும் கையெழுத்துப் போட்ட புத்தகம். அவளுக்கு மனப்பாடம்தான். இருந்தாலும் விரலை வைத்து வாசித்தாள்.

“பதினோராம் பிரிவு. ஒரு மெஷின்ல நிக்கிற ஆளுங்களோட எண்ணிக்கையை மாத்தணும்னா, நிர்வாகம் இருபத்தொரு நாளுக்கு முன்னாடி எழுத்துல அறிவிக்கணும். சங்கத்தோட பேசணும். பேச்சு முடியற வரைக்கும் பழைய ஏற்பாடுதான் நடக்கணும்.” நிமிர்ந்தாள். “எங்களுக்கு அறிவிப்பும் வரல, பேச்சும் நடக்கல. எங்க மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன்னு போன மாசம் பதினஞ்சு நாள் நான் வெளியூர்ல இருந்தேன். திரும்பி வந்து பாத்தா ஆறு வெட்டு மெஷின்லயும் ஒத்தை ஒத்தை ஆளா நிக்கிறாங்க. ரெண்டு தடவை ஆட்சேபக் கடிதம் குடுத்தோம். பதில் இல்ல. எட்டு நாளைக்கு முன்னாடி ஒரு பையனுக்கு மூணு விரல் போச்சு.”

“அந்தப் பையன் உங்க தம்பிதானேம்மா?” மேனேஜர் மிருதுவாகத்தான் கேட்டார். “உங்க வேதனை எனக்குப் புரியுது.”

“தம்பியா இல்லாட்டியும் விரல் விரல்தான் சார்.”

மேனேஜர் தலையாட்டினார். பேனாவைத் திருகி மூடினார். “பதினோராம் பிரிவுல கடைசி வரியையும் படிச்சிருங்களேன். பாதியில நிறுத்திட்டீங்க.”

அக்காவுக்கு அந்த வரியும் தெரியும். படித்தாள். “சங்கச் செயலாளரோட எழுத்து மூலமான சம்மதம் இருந்தா, முப்பது நாளுக்கு மிகாம சோதனை ஓட்டம் நடத்தலாம்.” புத்தகத்தை மூடினாள். “செயலாளர் நான். நான் சம்மதம் குடுக்கல.”

“நீங்க குடுக்கல. நீங்க ஊர்ல இல்லாதப்ப பொறுப்புச் செயலாளரா இருந்தவர் குடுத்தாரு. அதனாலதான் உங்க கடிதத்துக்கு நாங்க பதில் போடல. உங்க வீட்டு விஷயத்தை நான் ஏன் கடிதத்துல எழுதணும்?”

ஒரு தாளை மேஜை மேல் தள்ளினார். அது அவள் முன்னால் வந்து நின்றது.

படிக்கவே தேவையில்லை. முதல் எழுத்து யானை மாதிரி பெரிசாக, மற்ற எழுத்தெல்லாம் அதன் நிழலில் ஒண்டிக்கொண்டு நிற்கிற கையெழுத்து. கல்யாணப் பதிவேட்டில் பார்த்தது. மகளின் பள்ளிக்கூட அட்டையில் மாதா மாதம் பார்ப்பது. பதினெட்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்த கையெழுத்து.

தலைவர் தாளை எட்டிப் பார்த்தார். “யாரு இது, நம்ம துணையா?” என்றார். அவருக்கு அது முணுமுணுப்பு. அறை முழுக்கக் கேட்டது.

அக்கா கணவரின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் என்ன செய்வோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“மேடம், பத்து நிமிஷம் குடுங்க,” என்று தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

* * *

வராந்தாவில் ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“எப்ப போட்டீங்க?”

“நீ எங்கம்மாகிட்ட இருந்தப்ப.” துணை சுவரைப் பார்த்துப் பேசினார். “ரெண்டாம் தேதி. மேனேஜர் கிடங்குக்கே வந்தாரு.”

“வந்து?”

“சோதனைதான், முப்பதே நாள்னாரு. ஒத்தையா நின்னு ஓட்டிக் காட்டற தற்காலிகப் பசங்களுக்கு நிரந்தர லெட்டர் தரோம்னாரு. முதல் பேரே உன் தம்பி பேருதான்னாரு.”

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நாலு வருஷமா அவன் தற்காலிகமாவே கிடக்கிறான். சோத்துல கை வைக்கும்போதெல்லாம் நீ அதைத்தானே சொல்லுவ? ‘ஊருக்கெல்லாம் சங்கம் நடத்தறோம், என் கூடப் பொறந்தவனுக்கு ஒரு வழி பண்ண முடியல’ன்னு. வாரத்துக்கு ரெண்டு நாள் சொல்லுவ.” அவர் குரல் உடைந்தது. “லெட்டரை வாங்கி உன் கையில குடுத்தா நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன். அவ்ளோதான்.”

“எங்கிட்ட ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ.”

“ஆமா. சொல்லியிருப்பேன்.”

அழுதால் இந்த வராந்தாவிலேயே நாள் முடிந்துவிடும் என்று, குழாயில் கை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எட்டு நாளாக அவள் வாய் ஓயாமல் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டும்போதெல்லாம் இந்த மனுஷன் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறார்.

தலைவர் வேகமாக வந்தார். “இதுல யோசிக்க ஒண்ணுமில்லம்மா. கமிட்டி தீர்மானம் இல்லாம யாரும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு நம்ம சங்க விதியில இருக்கு. இவன் தன்னிச்சையா போட்டான், செல்லாதுன்னு அடிச்சுப் பேசிடு. இவனை நாளைக்கே வெளிய அனுப்பிடலாம்.” துணை அங்கேயே நிற்கிறார் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

“செல்லாதுன்னு சொன்னா அவங்க சும்மா இருப்பாங்களா?”

“எப்படி இருப்பான்? கோர்ட்டுக்குப் போவான்.”

“எத்தனை வருஷம் நடக்கும்?”

தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

“அத்தனை வருஷமும் ஆறு மெஷின்லயும் ஆறு பேர் ஒத்தையா நிப்பாங்க. கையெழுத்து செல்லுமா செல்லாதான்னு கோர்ட் சொல்றதுக்குள்ள இன்னும் எத்தனை விரல் போகும்?”

அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். இப்போதுதான் அதை முழுசாகப் படித்தாள். போன மாதம் மூன்றாம் தேதியிலிருந்து முப்பது நாள். விரல் விட்டு எண்ணினாள். பாதியில் தன் விரல்களையே பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

முப்பதாவது நாள், இந்த மாதம் ஒன்றாம் தேதி. தம்பிக்கு அடிபட்டது ஏழாம் தேதி.

“செல்லும்னு ஒத்துக்கப் போறேன்,” என்றாள்.

“என்னது?”

“செல்லும். ஆனா முப்பது நாள்தான் செல்லும்.”

தலைவருக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் அவர் முகம் மலரவில்லை. இருண்டது. “அப்போ சங்கமே சம்மதம் குடுத்துச்சுன்னு ஆயிடுமேம்மா. நாளைக்கு ஆளுங்க முகத்துல எப்படி முழிக்கிறது? உன் புருஷன் கையெழுத்துன்னு வேற.”

“முழிக்க முடியாதுதான்,” என்றாள் அக்கா. “வாங்க.”

* * *

“இது எங்க சங்கத்தோட கையெழுத்துதான் மேடம்.”

மேனேஜர் இதை எதிர்பார்க்கவில்லை. கையெழுத்தை மறுப்பார்கள், வழக்கு நீளும் என்று கணக்குப் போட்டு வந்தவர் போலிருந்தது. பேனாவின் மூடியைத் திறந்தார்.

“சோதனை ஒண்ணாம் தேதியோட முடிஞ்சு போச்சு. ரெண்டாம் தேதியிலருந்து ரெண்டு ரெண்டு ஆளா நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. ஏழாம் தேதி அடிபட்டுது. அன்னைக்கு அந்தப் பையனை ஒத்தையா நிறுத்த உங்ககிட்ட எந்தத் தாள் சார் இருந்துச்சு?”

அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றித் தாளைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார்.

“நீட்டிப்பு வாங்கியிருந்தோம் மேடம்,” என்றார் மேனேஜர். “வாய்மொழியா. முதல்ல கையெழுத்துப் போட்டவர்கிட்டயே. அவரே இங்க இருக்காரு, கேளுங்க.”

இதை வராந்தாவில் துணை அக்காவிடம் சொல்லவில்லை.

“நீங்கதானே?” என்று அதிகாரி துணையைக் கேட்டார். “நீட்டிப்புக் குடுத்தீங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாட்சி கிடையாது. தலைவர் கண்ணாலேயே அதைத்தான் கெஞ்சினார். அக்கா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணை எழுந்து நின்றார். எழுந்து நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

“ஒண்ணாம் தேதி சார் கிடங்குக்கு வந்தாரு. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டுமான்னு கேட்டாரு. தம்பிக்கு லெட்டர் வரட்டும், அதுவரைக்கும் ஓடட்டும்னு சொன்னேன்.” எச்சில் விழுங்கினார். “நான்தான் சொன்னேன்.”

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா தாளில் இருந்த தேதியைப் பார்த்தாள். முப்பது நாளில் முடிந்திருக்க வேண்டியது. முடிந்திருந்தால் அவன் கை முழுசாக இருந்திருக்கும். அதற்கப்புறம் ஆறு நாள், இந்த மனுஷனின் ஒரு வாய் வார்த்தையில் ஓடியிருக்கிறது.

“என்ன லெட்டர்?” என்றார் அதிகாரி.

“ஒத்தையா ஓட்டினா அவனை நிரந்தரம் பண்றோம்னு சார் வாக்குக் குடுத்திருந்தாரு.”

“அப்படி எந்த வாக்கும் நாங்க குடுக்கல,” என்றார் மேனேஜர், சட்டென்று. “எழுத்துல இருந்தா காட்டச் சொல்லுங்க. வாயால சொன்னேன்னு ஆயிரம் சொல்லலாம். எழுத்துல இல்லாதது செல்லாது மேடம்.”

அக்கா தலையை நிமிர்த்தினாள்.

“சார் சொல்றது சரிதான் மேடம். எழுத்துல இல்லாதது செல்லாது. லெட்டரும் எழுத்துல இல்ல, செல்லாது. நீட்டிப்பும் எழுத்துல இல்ல. அது மட்டும் எப்படிச் செல்லும்?”

மேனேஜர் பேனாவை மறுபடி மூடினார். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் தங்கள் குறிப்பேடுகளைப் பார்த்தார்கள்.

அதிகாரி மூக்கைச் சிந்திவிட்டுத் தட்டச்சுக்காரரைக் கூப்பிட்டார். எழுதச் சொன்னார்: நாளைக் காலை முதல் ஷிஃப்டிலிருந்து ஆறு மெஷினிலும் பழையபடி இரண்டிரண்டு ஆட்கள். விபத்து விசாரணையும் பொறுப்பும் தனி விஷயம். அடுத்த வாரம் அதற்குத் தனிக் கூட்டம். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன.

ஜெயித்தாயிற்று. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

மேனேஜர் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். அது ஏற்கெனவே ஒட்டித் தயாராக இருந்தது.

“இதையும் இங்கேயே குடுத்துடறேன். எல்லாம் முறைப்படி நடக்கணும்னு சொல்றீங்க, அதுவும் நியாயம்தான். பதினோராம் பிரிவுப்படி இருபத்தொரு நாள் அறிவிப்பு. ஆறு மெஷினுக்கும் ஒத்தை ஆள். பேசுவோம். பேச்சுல முடியலைன்னா ரெண்டு மெஷினை மூடிடுவோம். அது எங்க உரிமை. வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

அக்கா போட்டாள். பெயருக்குக் கீழே தேதியை எழுதினாள். அதற்கும் கீழே மணியை எழுதினாள். இருபத்தொரு நாள் என்றால் இருபத்தொரு நாள்தான். ஒரு நிமிஷம் குறையக் கூடாது.

படியிறங்கும்போது தலைவர் துணையிடம் சொன்னார். இந்தத் தடவை நிஜமாகவே குரல் தாழ்ந்திருந்தது. “நாளைக்கு மத்தியானம் கமிட்டி கூடுது. நீ வரணும். ராஜினாமா எழுதிட்டு வந்துட்டா, மத்ததைப் பேசாம விட்டுடலாம்.”

துணை தலையாட்டினார்.

* * *

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். துணை இரண்டு வரிசை தள்ளி நின்றுகொண்டே வந்தார். பக்கத்துச் சீட் காலியாகத்தான் இருந்தது.

பார்வை நேரம் நாலு முதல் ஆறு. வாசலில் வந்ததும் துணை நின்றுவிட்டார்.

“நீ போய்ட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்.”

அக்கா மேலே போனாள்.

ஆண்கள் வார்டில் கடைசிக்கு முந்தின கட்டில். தம்பி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை, பஞ்சும் துணியும் சுற்றி ஒரு சின்னப் பானை மாதிரி இருந்தது. முகத்தில் எட்டு நாள் தாடி. ஆனால் கண்ணில் என்னவோ ஒரு தெளிவு. அதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“என்னக்கா, ஜெயிச்சுட்டியா? மூஞ்சியைப் பாத்தா தோத்த மாதிரி இருக்கு.”

“நாளைலருந்து ரெண்டு ரெண்டு ஆளு.”

“அட!” என்றான். உடனே சிரிப்பு போய்விட்டது. “என் மெஷின்ல யாரு நிப்பாங்க?”

அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் இடது கையால் வாங்கினான். பாதி சட்டையில் சிந்தியது. அவள் துடைக்கப் போனாள். “நானே பண்றேன், பழகணும்ல?” என்றான்.

சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் அவள் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். நாளைக்கு எவனோ வந்து சொல்வதைவிட அவளே சொல்வது நல்லது.

“அந்தச் சோதனைக்குக் கையெழுத்துப் போட்டது...”

“அத்தான்தான். தெரியும்.”

அவள் கை நின்றது.

“திட்டாத அவரை. நான்தான் சரின்னு சொன்னேன். உங்கிட்ட சொல்ல வேணாம், லெட்டர் வந்ததும் நேரா உன் கையில குடுத்து அசத்திடலாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தோம். ரெண்டு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. அத்தான் முறைச்சாரு.” அவன் சிரிக்கப் பார்த்தான். “அவரு எங்க? எட்டு நாள்ல ஒரு தடவைகூட என் கண்ணைப் பாத்துப் பேசல அவரு.”

“கீழ இருக்காரு.”

“மேல வரச் சொல்லு. நல்ல சேதி இருக்கு.” குரலை இறக்கினான். “லெட்டர் வந்துருச்சுக்கா.”

“என்ன லெட்டர்?”

“நிரந்தர லெட்டர்தான். வேற என்ன? காலைல ஆபீஸ்லருந்து ஒருத்தர் வந்தாரு. நீங்கல்லாம் அங்க பேசிட்டிருந்தீங்களே, அந்த நேரத்துக்கு. ‘அடிபட்டுப் போச்சேன்னு கம்பெனி உன்னைக் கைவிடல’ன்னாரு. வலது கைல கட்டு இருக்குல்ல, கையெழுத்துக்குப் பதிலா இது.”

இடது கையைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரல் நீல மையில் ஊறியிருந்தது. ரேகை இடுக்கெல்லாம் மை.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன். கைநாட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“படிச்சியா?”

“ரெண்டு பக்கம் இருந்துச்சு. முதல் பக்கத்துல என் பேரு, எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், எல்லாம் சரியா இருந்துச்சு. ரெண்டாவது பக்கத்தை அவரே மடக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. அதுலதான் ரேகை வச்சேன்.”

“உங்கிட்ட ஒரு நகல் குடுத்தாரா?”

“நாளைக்குத் தரேன்னாரு.” அவள் முகத்தைப் பார்த்து அவன் குரல் தயங்கியது. “ஏன்க்கா?”

“தேதி போட்டிருந்துச்சா?”

“தேதின்னு எழுதி, பக்கத்துல கோடு இருந்துச்சு. வெறுமையாத்தான் இருந்துச்சு. ஆபீஸ்ல போட்டுக்குவாங்களாம்.”

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். நர்ஸ் மருந்துத் தட்டுடன் வரிசையாக வந்துகொண்டிருந்தாள்.

“என்னக்கா? தப்புப் பண்ணிட்டேனா?”

“இல்லடா,” என்றாள் அக்கா. எழுந்தாள். “நீ கையைக் கழுவாத. இப்படியே இரு. இதோ வரேன்.”

நர்ஸிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினாள். காலையில் வந்த ஆளை நர்ஸ் பார்த்திருந்தாள். மை டப்பாவை மேஜை மேல் வைக்காதீர்கள் என்று சத்தம்கூடப் போட்டிருக்கிறாள். அக்கா அவளிடம் நாலு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். படிகளை இரண்டிரண்டாக இறங்கினாள்.

துணை சைக்கிள் நிறுத்துமிடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வருகிற வேகத்தைப் பார்த்து எழுந்தார்.

“மேல வாங்க.” வராந்தாவுக்கு அப்புறம் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. “தம்பிகிட்ட ஏதோ தாள்ல ரேகை வாங்கிட்டுப் போயிருக்காங்க. நிரந்தர லெட்டர்னு சொல்லி.”

அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“என்ன தேதி போட்டிருக்கு?”

“போடல. வெத்தா விட்டிருக்காங்க.”

துணை கண்ணை மூடித் திறந்தார். ஏழாம் தேதிக்கு முந்தின எந்தத் தேதியையும் அந்தக் கோட்டில் எழுதிக்கொள்ளலாம். யாரும் வற்புறுத்தவில்லை, என் சொந்த விருப்பத்தில்தான் ஒற்றையாக நின்றேன் என்று அந்த இரண்டாவது பக்கத்தில் இருந்தால், அடுத்த வாரக் கூட்டத்தில் தம்பியின் விரலுக்குத் தம்பியே பொறுப்பு.

“என்ன நடந்துச்சுன்னு அவன் வாயால சொல்றதை இப்பவே எழுதணும். இன்னைக்குத் தேதி, மணி எல்லாம் போட்டு. ரேகை இன்னைக்குத்தான் வாங்கினதுன்னு காட்ட அவன் விரல்ல மை இருக்கு, நர்ஸும் சாட்சி போடறேன்னு சொல்லியிருக்கா.” அக்கா தாள்களை நீட்டினாள். “நீங்க எழுதுங்க.”

துணை தாள்களைப் பார்த்தார். வாங்கக் கை வரவில்லை.

“நானா?”

“நீங்கதான். உங்ககிட்ட லெட்டர் தரோம்னு சொன்ன சங்கதியும் அதுல வரணும். யாரு சொன்னாங்க, எங்க வச்சுச் சொன்னாங்க, எல்லாம். கீழ உங்க கையெழுத்தும் போடணும்.”

அவர் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இருந்தது.

பார்வை நேரம் முடிய இன்னும் இருபது நிமிஷம். இரண்டு பேரும் படியேறினார்கள்.